கவாமுரா ரியூயிச்சி: ராக் மேடையிலிருந்து தனிக்குரலுக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவாமுரா ரியூயிச்சி யார்?

ஜப்பானின் கனகாவா மாகாணத்தில் உள்ள யமாத்தோ நகரில் 1970 மே 20 அன்று பிறந்த பாடகர். லூனா ஸீ என்ற ராக் இசைக்குழுவின் முதன்மைக் குரல். 1997-இல் தன் முழுப் பெயரில் தனியாகப் பாடத் தொடங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பம் 'லவ்' 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஜப்பானிய ஆண் தனிப்பாடகர் ஒருவரின் ஆல்பம் இவ்வளவு விற்றது அதுவே முதல் முறை.

ராக் குழுவின் பாடகர் தனியே வந்து மெல்லிசை பாடுவது ஜப்பானில் புதிதில்லை. ஆனால் குழு உயிரோடு, புகழின் உச்சியில் இருக்கும்போதே வெளியே வந்து, குழுவின் எந்த ஆல்பத்தையும் விட அதிகம் விற்றுவிட்டு, மறு ஆண்டே அதே குழுவின் நடுவில் போய் நின்றவர் இவர். அதனால்தான் இவரைப் பற்றி இத்தனை கேள்விகள் எழுகின்றன.

லூனா ஸீ எப்படிப்பட்ட குழு?

பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜே, கிட்டார் வாசிக்கும் இனோரன் ஆகிய இரு பள்ளி நண்பர்கள் 1986-இல் தொடங்கிய குழு. 1989-இல் கிட்டாரும் வயலினும் வாசிக்கும் சுகிஸோ, டிரம்ஸ் வாசிக்கும் ஷின்யா, பாடகர் ரியூயிச்சி ஆகியோர் சேர்ந்து ஐவரானார்கள். அந்த மே மாதம் தோக்கியோவின் ஓரத்தில் உள்ள மச்சிதாவில் ஒரு சிறிய அரங்கில் முதல் நிகழ்ச்சி. அன்று சேர்ந்த ஐவர்தான் குழு. ஒருவரை நீக்கி வேறொருவரைச் சேர்த்ததே இல்லை.

எக்ஸ் ஜப்பான் குழுவின் தலைவர் யோஷிகி நடத்திய எக்ஸ்டஸி நிறுவனம் 1991-இல் இவர்களின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார்கள். 1994-இல் வந்த 'ரோசியர்' என்ற சிங்கிள் (ஆல்பமாக இல்லாமல் தனியாக வெளியிடும் பாடல்) இவர்களை நாடறியச் செய்தது. 1995 டிசம்பர் 23 அன்று தோக்கியோ டோம் அரங்கில் முதன்முறையாக வாசித்தார்கள்.

கறுப்பு உடை, தூக்கி நிறுத்திய தலைமுடி, கனத்த ஒப்பனை, நாடகத்தன்மை கொண்ட மேடை ஆகியவற்றோடு வளர்ந்த ஜப்பானிய ராக் மரபுக்கு விஷுவல் கெய் என்று பெயர். அந்த மரபின் முதல் வரிசையில் லூனா ஸீக்கு இடம் உண்டு. தோற்றத்தைப் பார்த்துவிட்டு இசையைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் 'மதர்' (1994) ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். இரண்டு கிட்டார்களும் ஒன்றன் வழியில் மற்றொன்று குறுக்கிடாமல் எதிரெதிர்த் திசையில் நடக்கும் விதத்தில் அவ்வளவு நுட்பம் இருக்கிறது.

1997-இல் அவர் குழுவை விட்டு விலகினாரா?

இல்லை. இந்தத் தவறான செய்தி இன்றும் சுற்றுகிறது. 1996 டிசம்பர் 23 அன்று யோகோஹாமா மைதானத்தில், நடுக்குளிரில், திறந்தவெளியில் லூனா ஸீ ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தியது. வரும் ஆண்டில் ஐவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறோம் என்பதே அதை ஒட்டி ரசிகர்களுக்குக் கிடைத்த செய்தி. குழுவைக் கலைக்கவில்லை, சண்டை என்றும் சொல்லவில்லை. காலக்கெடு வைத்த பிரிவு அது.

இந்தக் காலக்கெடுவை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். திரும்பி வர இடம் இருக்கிறது என்று தெரிந்த பாடகர்தான் இவ்வளவு தூரம் போய்ப் பார்க்க முடியும். நிரந்தரமாக வெளியேறியவராக இருந்திருந்தால், பழைய ரசிகர்களைக் கையில் வைத்துக்கொள்வதற்காகப் பாதி ராக்கும் பாதி பாப்புமாக எதையோ செய்திருப்பார். ரியூயிச்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ராக்கை நண்பர்களிடம் விட்டுவிட்டு, மெல்லிசையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

குழுவுக்குள்ளேயே அந்தப் பாடல்களைப் பாடியிருக்கக் கூடாதா?

லூனா ஸீயின் பாடல்கள் எல்லாவற்றிலும், இயற்றியவர் என்ற இடத்தில் குழுவின் பெயர்தான் இருக்கும். மெட்டின் முதல் விதையை யார் கொண்டுவந்தாலும், ஐவரும் அதைப் பிரித்து, முறித்து, மறுபடி கட்டி, ஐவருக்கும் சொந்தமாக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட பட்டறையில் ஒருவரின் தனி உணர்ச்சி முழுதாக வெளியே வராது. பாடகரின் மெட்டு இனிமையாக இருந்தால் சுகிஸோவின் கிட்டார் அதில் ஒரு கீறல் போடும். ஜேயின் பேஸ் அடியிலிருந்து இழுக்கும். அந்த இழுபறிதான் குழுவின் அழகு.

ஆனால் இழுபறியே இல்லாத ஒரு காதல் பாடலைப் பாட வேண்டும் என்று பாடகருக்குத் தோன்றினால் அதற்கு அங்கே இடமில்லை. தனிப்பயணத்தில் வரிகளையும் மெட்டுகளையும் பெரும்பாலும் தானே எழுதினார். குழுவில் ரோமன் எழுத்துகளில் முதற்பெயரை மட்டும் போட்டுக்கொண்டவர், தனி ஆல்பங்களில் குடும்பப் பெயரோடு சேர்த்து ஜப்பானிய எழுத்திலேயே போட்டார். ஒப்பனை போனது. முடி சீரானது. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் கண்ணியமான இளைஞர் என்று நினைக்கக்கூடிய தோற்றம் வந்தது.

தனிப்பாடல்கள் எந்த விதத்தில் வேறுபட்டவை?

1997 பிப்ரவரியில் 'ஐ லவ் யூ', ஏப்ரலில் 'கிளாஸ்', அதன்பின் 'பீட்', நவம்பரில் 'லவ் இஸ்...' என்று சிங்கிள்கள் வரிசையாக வந்தன. தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும்: மறைபொருள் எதுவும் இல்லை. லூனா ஸீயின் வரிகளில் நிலவு, முள், இருள், வீழ்ச்சி என்று உருவகங்கள் அடுக்கடுக்காக வரும். இங்கே ஒருவர் இன்னொருவரிடம் நேராகப் பேசுகிறார்.

குரலில் நடந்த மாற்றம் இன்னும் பெரியது. 'ரோசியர்' பாடலில் ரியூயிச்சி வாத்தியங்களோடு போட்டி போடுகிறார். சொற்களைக் கடித்து எறிகிறார். மேல் ஸ்தாயியில் குரலில் ஒரு உரசல் கேட்கும். 'கிளாஸ்' பாடலில் போட்டி போட யாரும் இல்லை. முதல் வரியைக் கிட்டத்தட்ட காதருகே சொல்வதுபோல் தொடங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறி, பல்லவியில் முழுக்குரலையும் திறக்கிறார். ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டும்போது முதலில் அதை நேராக நிறுத்தி, பிறகுதான் அலைய விடுகிறார். வரி முடிந்த பிறகும் மூச்சின் மிச்சத்தைக் கேட்க விடுகிறார். ராக் குழுவின் இரைச்சலில் இந்த நுணுக்கங்கள் எதுவும் யாருக்கும் கேட்டிருக்காது.

ஜப்பானியத் திரைக்கும் வானொலிக்கும் பல பத்தாண்டுகளாகப் பாடப்பட்ட பழைய மெல்லிசை மரபின் சாயல் இதில் தெளிவாக உண்டு. மேற்கத்திய பாப் இசையைப் பார்த்து எழுதிய பாடல்களாக இவை எனக்குக் கேட்கவில்லை. ஜப்பானியத் தாய்மார்களும் பாட்டிமார்களும் முணுமுணுக்கக்கூடிய மெட்டுகள் இவை. பின்னணி இசைக்கு வாடிக்கையாளரே பாடும் கரோக்கே அறையில் நுழைந்த எந்த ஆணும் பாடிப் பார்க்க ஆசைப்படும் பாடல்கள்; பாடிப் பார்த்தவுடன் எவ்வளவு கடினம் என்று புரியும் பாடல்களும்கூட.

இந்த வெற்றிக்குக் காலமும் ஒரு காரணமா?

ஆம். ஜப்பானில் இசைத்தட்டு உற்பத்தி 1998-இல்தான் உச்சத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஆல்பம் 'லவ்'. பத்து லட்சம் பிரதிகள் விற்பது அன்று அபூர்வமான செய்தியாக இல்லை. ஆனாலும் 27 லட்சம் அந்தக் காலத்துக்கும் பெரிய எண்ணிக்கைதான். லூனா ஸீயின் பெயரே கேள்விப்படாதவர்களும் கடைக்குப் போய் வாங்கியிருந்தால் ஒழிய அந்த அளவை எட்ட முடியாது.

1997-இன் கடைசி நாளைப் பற்றி ரசிகர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

என்.எச்.கே. தொலைக்காட்சி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இரவு நடத்தும் கோஹாகு இசைப் போட்டியில், நாடே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சியில், கவாமுரா ரியூயிச்சி 'கிளாஸ்' பாடினார். அதே நாளில் எக்ஸ் ஜப்பான் தோக்கியோ டோமில் தன் கடைசி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு, அதே கோஹாகு மேடைக்கு வந்து பாடிவிட்டுக் கலைந்தது.

லூனா ஸீக்கு முதல் கதவைத் திறந்துவிட்ட குழு எக்ஸ் ஜப்பான். அது விடைபெற்ற இரவில், அந்தக் கதவு வழியே வந்த பாடகர் ஒப்பனை இல்லாமல், தன் சொந்தப் பெயரில், மெல்லிசைப் பாடகராக நின்றார். விஷுவல் கெய் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இந்த ஒரே இரவிலிருந்து தொடங்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. ஐந்து மாதத்திற்குள், 1998 மே 2 அன்று, எக்ஸ் ஜப்பானின் கிட்டார் கலைஞர் ஹிதே இறந்தார். ஒரு தலைமுறையே முடிந்ததாக அன்று பலர் உணர்ந்தார்கள்.

அந்த ஆண்டில் மற்ற நால்வரும் என்ன செய்தார்கள்?

ஜே 'பைரோமேனியா' என்ற முரட்டு ராக் ஆல்பத்தை வெளியிட்டார். சுகிஸோ 'ட்ரூத்?' என்ற ஆல்பத்தில் மின்னணு இசைக்குள் போனார். இசையமைப்பாளர் சகமோட்டோ ரியூயிச்சி, பிரிட்டிஷ் பேஸ் கலைஞர் மிக் கார்ன் போன்றவர்கள் அதில் பங்கேற்றார்கள். இனோரன், டிஜே கிரஷ் என்ற ஹிப்ஹாப் இசைக்கலைஞரோடு வேலை செய்தார். ஒரே குழுவின் ஆட்கள் இத்தனை வெவ்வேறு திசைகளில் போனதைப் பார்த்தால், இத்தனை காலம் ஒரே அறையில் எப்படி வாசித்தார்கள் என்ற வியப்பு வரும். விற்பனையில் பாடகர் மற்ற நால்வரையும் விட வெகு தூரம் முன்னே போய்விட்டார். எல்லாக் குழுக்களிலும் இப்படித்தான் நடக்கும். குரல்தான் மக்களிடம் முதலில் போய்ச் சேரும்.

பணத்துக்காகத்தான் பாப் பாடினார் என்று சொல்கிறார்களே?

லூனா ஸீயின் ரசிகர் மன்றத்துக்கு 'ஸ்லேவ்' என்று பெயர். அடிமை என்று தங்களையே அழைத்துக்கொள்ளும் அளவுக்கு ஈடுபாடு கொண்டவர்கள். அவர்களில் பலருக்கு இந்த மாற்றம் வலித்தது. தாங்கள் கண்டெடுத்த இருளின் பாடகர், எல்லார் வீட்டுத் தொலைக்காட்சியிலும் சிரித்துக்கொண்டு காதல் பாடினால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை நான் மதிக்கிறேன்.

குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பணம் மட்டும் நோக்கமாக இருந்தால் லூனா ஸீயின் அடுத்த ஆல்பமே போதும். அது உறுதியாக முதலிடம் பிடித்திருக்கும். அன்றைய சந்தையில் நடனமும் மின்னணு இசையும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் மெதுவான, நீளமான, குரலை மட்டும் நம்பிய பாடல்களை எழுதியவர் சந்தையின் பின்னால் ஓடினார் என்று எப்படிச் சொல்ல முடியும்? பின்வந்த ஆண்டுகளில் விற்பனை பெரிதும் குறைந்த பிறகும் அதே வகைப் பாடல்களைத்தான் விடாமல் பாடினார். காசுக்காகப் போனவர் காசு குறைந்ததும் வேறு வேலையைப் பார்த்திருப்பார்.

1998-இல் திரும்பியபோது அவருடைய குரல் மாறியிருந்ததா?

மாறியிருந்தது. ரசிகர்கள் இன்றும் ஓயாமல் வாதிடுவது இதைப் பற்றித்தான்.

ஏப்ரலில் 'ஸ்டார்ம்', ஜூனில் 'ஷைன்', ஜூலையில் 'ஐ ஃபார் யூ' ஆகிய சிங்கிள்கள் வந்தன. கடைசிப் பாடல், ஃபுஜி தொலைக்காட்சியில் கனேஷிரோ தகேஷியும் ஃபுகாடா கியோகோவும் நடித்த தொடரின் முகப்புப் பாடலாகி, குழுவின் மிகப் புகழ்பெற்ற மெல்லிசைப் பாடலானது. அதே ஜூலையில் 'ஷைன்' ஆல்பமும் வந்தது.

பழைய உரசல் குறைந்திருந்தது. சொற்களைக் கடித்து எறிந்தவர் இப்போது சொற்களை ஏந்தி வைத்தார். சுரங்கள் நீண்டன, அலைந்தன. பழைய பாடல்களை மேடையில் பாடும்போதும் இந்தப் புதிய பழக்கம் உள்ளே வந்துவிட்டது. 'ரோசியர்' பாடலை 1995 பதிவிலும் 1998-க்குப் பிந்தைய பதிவு ஒன்றிலும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் புரியும்.

என் கருத்து இதுதான்: 'ஷைன்' ஆல்பம் பலவீனமானது. குரல் ஒரு வீட்டிலும் வாத்தியங்கள் இன்னொரு வீட்டிலும் குடியிருக்கின்றன. நால்வரும் வெளியே கற்றதைக் கொண்டுவந்தார்கள், பாடகரும் கொண்டுவந்தார், ஒன்றோடொன்று சேர நேரம் போதவில்லை. ஆனால் 'ஐ ஃபார் யூ' மட்டும் வேறு. தனிப்பயணத்தில் கற்ற நீட்டலும் குழுவின் கிட்டார்களும் அதில் உண்மையாகவே கைகோத்தன. 1997 இல்லாமல் அந்தப் பாடல் பிறந்திருக்காது. அந்த ஒரு பாடலுக்காக அந்த ஆல்பத்தின் மற்றக் குறைகளை மன்னிக்க நான் தயார்.

அப்படியானால் 2000-இல் குழு முடிந்ததற்கு அவருடைய தனிப்பயணம்தான் காரணமா?

2000 டிசம்பர் 26, 27 ஆகிய இரு இரவுகளில் தோக்கியோ டோமில் லூனா ஸீ திரையை இறக்கியது. காரணம் பாடகர்தான் என்று சொல்பவர்கள் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

1999 மே 30 அன்று தோக்கியோ பிக் சைட் வளாகத்தில் பத்தாம் ஆண்டு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. சில நாட்களுக்கு முன் அடித்த பலத்த காற்றில் பிரம்மாண்டமான மேடை சரிந்து நொறுங்கியது. நிகழ்ச்சியை ரத்து செய்யாமல், நொறுங்கிய இரும்புச் சட்டங்களையே பின்னணியாக வைத்து, சுமார் ஒரு லட்சம் பேருக்கு முன்னால் வாசித்தார்கள். வெறுத்துப் பிரியக் காத்திருந்தவர்கள் அப்படி ஒரு நாளை நடத்தியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பின் 2000-இல் வந்த 'லூனசி' ஆல்பத்தில் குரலும் வாத்தியமும் மறுபடி ஒன்றாகின. ஐவருமே தனியாக நிற்க முடியும் என்பதை 1997 காட்டிவிட்டது என்பது உண்மை. தனியாக நிற்கத் தெரிந்தவர்கள் கூடி இருப்பதற்குப் புதிய காரணம் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்கு அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2007 டிசம்பர் 24 அன்று ஒரே ஒரு இரவு சேர்ந்தார்கள். 2010-இல் முழுமையாகத் திரும்பினார்கள்.

இதேபோல் மாறிய வேறு ஜப்பானியப் பாடகர்கள் யார்?

ஹிமுரோ கியோசுகே முதலில் நினைவுக்கு வருகிறார். போவி குழு 1988 ஏப்ரலில் தோக்கியோ டோமில் கடைசியாக வாசித்து முடிந்ததும், அதே ஆண்டு தனிப்பாடகரானார். அவர் பெரும்பாலும் ராக்கிலேயே நின்றார். காக்ட் 1999 தொடக்கத்தில் மாலிஸ் மிசர் குழுவிலிருந்து பிரிந்து தனியே வந்தார். ஜூடி அண்ட் மேரி 2001-இல் கலைந்தபின் அதன் பாடகி யூகி மறு ஆண்டு தனிப்பாதையைத் தொடங்கினார். லார்க் ஆன் சியலின் ஹைட், 2002-இல் 'ரோண்ட்கென்' என்ற அமைதியான ஆல்பத்தைத் தந்தார். ரியூயிச்சிக்கு மிக அருகில் வருபவர் இவரே. இருவருமே இரைச்சலை முழுதாக விலக்கிவிட்டுக் குரலை முன்னே வைத்தார்கள். ஹைட் இருட்டிலேயே இருந்தார், ரியூயிச்சி வெளிச்சத்துக்கு வந்தார் என்பதே வேறுபாடு.

நடிப்பிலும் இறங்கினாரா?

ஆம். 2002-இல் எழுத்தாளர் தசாய் ஒசாமுவாகத் திரையில் நடித்தார். 'சிகாகோ' இசை நாடகத்தின் ஜப்பானிய மேடையேற்றத்தில் பில்லி ஃபிளின் என்ற வழக்கறிஞர் வேடம் ஏற்றார். பாடத் தெரிந்த நாவன்மைக்காரனின் பாத்திரம் அது. அவருக்கு நன்றாகப் பொருந்தியது.

இப்போதும் அதே குரல் இருக்கிறதா?

குரலை அவர் நடத்திய விதமே ஒரு தனிக் கதை. மைக் இல்லாமல், ஒலிபெருக்கியை நம்பாமல், அரங்கின் கடைசி வரிசைவரை வெறும் குரலால் பாடும் நிகழ்ச்சிகளை நடத்தினார். 2011 மே 1 அன்று தோக்கியோவின் புதோகான் அரங்கில் ஒரே நாளில் 104 பாடல்கள் பாடினார். ஆறரை மணி நேரம்.

2019 தொடக்கத்தில் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதை அறிவித்தார். ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டதால் மேடைக்குத் திரும்ப முடிந்தது. 2022-இல் குரல்நாணில் அறுவைச் சிகிச்சை. அதன்பின் குரலை மறுபடி அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் லூனா ஸீ தன் 'மதர்', 'ஸ்டைல்' ஆல்பங்களை முழுதாக மீண்டும் பதிவு செய்து வெளியிட்டது. 2025 பிப்ரவரி 23 அன்று மறுபடியும் தோக்கியோ டோமில் வாசித்தார்கள். இளமையின் உயரம் குரலில் குறைந்திருக்கிறது; நான் அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு வரியை எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்ற அறிவு இன்று அன்றைவிடக் கூர்மையாக இருக்கிறது.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

முதலில் லூனா ஸீயின் 'ரோசியர்'. அடுத்து அவருடைய 'கிளாஸ்'. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து, மூன்று ஆண்டு இடைவெளியில் வந்தவை. மூன்றாவதாக 'ஐ ஃபார் யூ'. இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். வரிசை மாறினால் மாற்றத்தின் போக்கு பிடிபடாது.

பிறகு 'லவ்' ஆல்பத்தை முழுதாக, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் தடையில்லை, வரிகள் எளிமையானவை. மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். ராக் பிடித்தவர்கள் பின்னோக்கி 'மதர்' ஆல்பத்துக்கும், மெல்லிசை பிடித்தவர்கள் முன்னோக்கி அவர் பிறருடைய பழைய பாடல்களை எடுத்துப் பாடிய ஆல்பங்களுக்கும் போகலாம். 'ஷைன்' ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.